சிம்பொனி எப்படி முடிய வேண்டும்?

1936 ஜனவரி 28ஆம் நாள், ரஷ்யாவின் வடகோடியில் உள்ள ஆர்ஹாங்கெல்ஸ்க் நகரில், கச்சேரிக்காக வந்திருந்த இருபத்தொன்பது வயது இசையமைப்பாளர் திமித்ரி ஷொஸ்தகோவிச் ரயில் நிலையத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழான அன்றைய ‘பிராவ்தா’வை வாங்கிப் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில், எழுதியவர் பெயரில்லாமல், ‘இசைக்குப் பதிலாகக் குழப்பம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை இருந்தது. அது வைதது அவருடைய ‘ம்த்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத்’ என்ற ஓபராவை. லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் இரண்டு ஆண்டுகளாகப் பெரும் வரவேற்போடு நடந்துகொண்டிருந்த படைப்பு அது. வெளிநாட்டு மேடைகளையும் எட்டியிருந்தது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் ஸ்டாலின் தம் சகாக்களுடன் அதைப் பார்க்க வந்து, கடைசி அங்கத்துக்கு முன்பே எழுந்து போயிருந்தார். வசவுகளுக்கு நடுவே அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் வேறு தொனியில் இருந்தது: “இது புரியாத விஷயங்களோடு ஆடும் விளையாட்டு, இது மிக மோசமாக முடியக்கூடும்.”

கையொப்பம் இல்லாததுதான் அந்தக் கட்டுரையின் பலம். ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் இன்னொரு விமர்சகர் மறுத்திருக்கலாம். பெயரில்லாமல் வந்ததால் அது கட்சியின் குரல் ஆயிற்று. நேற்று வரை ஓபராவைப் புகழ்ந்தவர்கள் இசையமைப்பாளர் கூட்டங்களில் எழுந்து நின்று, தாங்கள் ஏமாந்துபோனதாக அறிவித்தார்கள். பிப்ரவரி 6ஆம் நாள் அதே நாளிதழ் அவருடைய ‘தெளிந்த நீரோடை’ என்ற பாலேயையும் தாக்கியது. ஷொஸ்தகோவிச் பதில் எழுதவில்லை. தம்மைத் திட்டி வந்த நறுக்குகளையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிவைக்கத் தொடங்கினார்.

சோவியத் ஒன்றியத்தில் இசையமைப்பாளர்கள் மீதான அடக்குமுறையைப் பேசும்போது பெரும்பாலும் கொடுங்கோலன், தியாகி என்ற இரண்டு பாத்திரங்களோடு கதை முடிந்துவிடுகிறது. நடைமுறை அதைவிடச் சிக்கலானது. 1920களில் ரஷ்ய இசையில் பல முகாம்கள் இருந்தன. ஐரோப்பியப் புதுமைகளைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு பக்கம்; தொழிலாளர்களுக்குக் கூட்டுப்பாடல்களே போதும் என்று வாதிட்ட பாட்டாளி வர்க்க இசைக்கலைஞர் சங்கத்தார் மறுபக்கம். 1932 ஏப்ரலில் கட்சி இந்த முகாம்களையெல்லாம் கலைத்து, ஒவ்வொரு கலைக்கும் ஒரே சங்கம் என்று அறிவித்தபோது இசையமைப்பாளர்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்; பாட்டாளிச் சங்கத்தின் அடாவடி ஒழிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஒரே சங்கம் என்பதன் பொருள் பிறகுதான் விளங்கியது. புதிய படைப்பை முதலில் சக உறுப்பினர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அச்சிடுவது, அரங்கேற்றுவது, கூலி பெறுவது எல்லாம் அரசு அமைப்புகள் வழியாகத்தான். வீடு, கடன், ஊருக்கு வெளியே அமைதியாக உட்கார்ந்து எழுதும் ‘படைப்பு இல்லம்’ ஆகியவையும் சங்கத்தின் கையில் இருந்தன. கொடுக்கும் கைக்கு எடுக்கவும் தெரியும் என்பதை ஓர் உறுப்பினருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாவலில் எதிர்ப்பரசியல் இருந்தால் வரியைக் கோடிட்டுக் காட்டிவிடலாம். ஓவியத்திலும் உருவம் இருக்கிறது. சொற்களே இல்லாத நாற்பது நிமிட வாத்திய இசையில் குற்றத்தை எங்கே கண்டுபிடிப்பது? அதற்குக் கிடைத்த சொல் ‘உருவவாதம்’. உள்ளடக்கத்தைவிட வடிவத்தைப் பெரிதாக எண்ணுவது என்பது அதன் ஏட்டு விளக்கம். முதல் தடவை கேட்டதும் புரியாததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்ற பொருள்பட இன்னொரு முன்னணி இசையமைப்பாளரான புரோகோஃபியெவ் கிண்டலாக எழுதினார். நடைமுறையில் அதிகாரிகள் நான்கைந்து வெளி அடையாளங்களைப் பார்த்தார்கள்: தலைப்பு என்ன, யாருக்குக் காணிக்கை, பாடல் வரி உண்டா, நாட்டுப்புற மெட்டு இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக எப்படி முடிகிறது. அரசு வகுத்த கலைக்கொள்கையான சோஷலிச யதார்த்தவாதத்தின்படி வரலாறு வெற்றியை நோக்கிப் போகிறது. ஆகவே சிம்பொனியும் இருளில் தொடங்கலாம், போராடலாம், கடைசியில் ஒளியில் முடிய வேண்டும். அந்த நாட்டின் இசை வரலாற்றை முடிவுகளின் வரலாறாகவே வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிராவ்தா கட்டுரை வந்தபோது ஷொஸ்தகோவிச் தம் நான்காம் சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஊர்வலமும் சர்க்கஸும் சவ அணிவகுப்பும் ஒன்றோடொன்று மோதும் படைப்பு அது. கட்டுரைக்குப் பிறகும் அவர் அதை மாற்றாமல் மே மாதத்தில் முடித்தார். அப்போது லெனின்கிராடுக்கு வந்திருந்த ஜெர்மானிய நடத்துநர் ஓட்டோ கிளெம்பரர், வெளிநாட்டுக் குழுக்களில் ஆறு புல்லாங்குழல் கிடைப்பது கடினம், எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று கேட்டாராம். பேனாவால் எழுதியதைக் கோடரியாலும் வெட்ட முடியாது என்ற ரஷ்யப் பழமொழியைச் சொல்லி ஷொஸ்தகோவிச் மறுத்தார். டிசம்பரில் லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் ஒத்திகைகள் நடந்தன. ஒருநாள் ஃபில்ஹார்மோனிக் இயக்குநர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். அதற்குப் பிறகு நாளிதழில் வந்த அறிவிப்பு, இசையமைப்பாளரே படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கூறியது. தடை விதிக்கும் கை வெளியே தெரியாமல், தடைபட்டவனே கேட்டுக்கொண்டதாக ஆக்குவது அந்தக் காலத்தின் நேர்த்தி. அந்த நான்காம் சிம்பொனி வெற்றியில் முடிவதில்லை. பெரும் முழக்கம் ஒன்று எழுந்து சரிந்தபின், தாழ்ந்த தந்திகள் நாடி போலத் துடிக்க, செலெஸ்டா என்ற மணியோசைக் கருவி சில சுரங்களை உதிர்த்துவிட்டு நின்றுவிடும்.

அடுத்த ஆண்டு 1937. ஷொஸ்தகோவிச்சின் மூத்த சகோதரியின் கணவரான இயற்பியலாளர் சிறையில் இருந்தார், சகோதரி நாடுகடத்தப்பட்டார், ஷொஸ்தகோவிச்சின் மாமியார் கரகந்தா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய புரவலராக இருந்த மார்ஷல் துஹாசெவ்ஸ்கி ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தாம் சிம்பொனி அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. மார்ஷலின் கைதும் விசாரணையும் கொலையும் இந்த மூன்று மாதங்களுக்குள் அடங்குகின்றன.

1937 நவம்பர் 21 அன்று லெனின்கிராடில் யெவ்கேனி ம்ராவின்ஸ்கி நடத்திய அரங்கேற்றத்தில், பித்தளை வாத்தியங்கள் முழுக்க மௌனமாகிவிடும் மூன்றாம் பகுதியின்போது அரங்கில் பலர் அழுதார்கள். வீட்டில் ஒருவராவது காணாமற்போன நகரம் அது. வெளியில் அழ முடியாது. இசைக்கு அழுததாக யாரையும் கைது செய்ய முடியாதே. முடிந்தபின் கைதட்டல் அரை மணி நேரம் நீடித்தது என்றும், ம்ராவின்ஸ்கி ஸ்கோரை, அதாவது முழு இசைக்குறிப்புப் புத்தகத்தை, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார் என்றும் சொல்வார்கள். அந்த ஆரவாரமே அதிகாரிகளுக்குச் சந்தேகத்தை எழுப்பியது. பார்வையாளர்கள் பொறுக்கியெடுத்து உட்காரவைக்கப்பட்டவர்களா என்று ஆராய மாஸ்கோவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ‘நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞனின் படைப்பூர்வமான பதில்’ என்ற வாசகம் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அது ஷொஸ்தகோவிச் வைத்த பெயரன்று, ஒரு பத்திரிகையாளரின் சொற்கள். அவர் அதை மறுக்கவில்லை. பெயர் ஒட்டிய பெட்டியைத் திறந்து சோதிப்பவர்கள் குறைவு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது? கடைசிப் பகுதி பித்தளை வாத்தியங்கள் கொட்டி முழக்கும் ஒரு மெட்டோடு தொடங்குகிறது. அதன் முதல் நான்கு சுரங்களைக் கர்நாடக இசைப் பெயர்களில் சொன்னால் ப, ச, ரி, க. காந்தாரம் சாதாரண காந்தாரம். இதே நான்கு சுரங்களோடுதான், அவர் அந்தச் சமயத்தில் எழுதிய ஒரு பாடலும் தொடங்குகிறது. பாடல் வரிகள் புஷ்கினுடையவை, கவிதையின் பெயர் ‘மறுபிறப்பு’. காட்டுமிராண்டி ஓவியன் ஒருவன் மேதையின் ஓவியத்தின்மேல் கரிய வண்ணம் பூசித் தன் கிறுக்கலை வரைகிறான். ஆண்டுகள் போகப் போக அந்த அந்நிய வண்ணம் செதிள் செதிளாக உதிர, மேதையின் படைப்பு பழைய அழகோடு வெளிப்படுகிறது. இறுதி முழக்கத்துக்குச் சற்று முன்பு, இசை தணிந்து நிற்கும் இடத்தில், அந்தப் பாடலின் பின்னணி இசை மறுபடி வந்துபோகிறது. ஆனால் 1937 நவம்பரில் அந்தப் பாடல் மேடையேறியிருக்கவில்லை. அரங்கில் அழுதவர்களில் ஏறக்குறைய ஒருவருக்கும் இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே இதைக் கேட்பவர்களுக்கு அனுப்பிய இரகசியச் செய்தி என்று சொல்வதைவிட, எழுதியவன் தனக்கே வைத்துக்கொண்ட குறிப்பு என்று கொள்வதே பொருத்தம்.

அதன்பின் வருவது அந்தப் புகழ்பெற்ற முடிவு. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக மாற, இசை பிரகாசமான மேஜர் ஸ்வர அமைப்புக்கு வருகிறது. முரசும் பித்தளையும் வெற்றியை அறிவிக்கின்றன. தந்திகளும் மரக்குழல்களும் பஞ்சமம் என்ற ஒரே சுரத்தை விடாமல் இருநூறு முறைக்கும் மேல் அடித்துக்கொண்டே இருக்கின்றன. வேகமாக நடத்தினால் அது கொண்டாட்டம். மெதுவாக நடத்தினால் ஒரே இடத்தில் ஆணி அறைவது போல இருக்கிறது. வெவ்வேறு அச்சுப் பிரதிகளில் இந்த இடத்தின் வேகக் குறியீடு ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசப்படுகிறது. அமெரிக்க நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பறக்கவிட்டார், ம்ராவின்ஸ்கி இழுத்துப் பிடித்தார், இருவர் மேலும் ஷொஸ்தகோவிச் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அரசு கேட்ட முடிவு அவர் கொடுத்த முடிவில் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்பதை நடத்துநரின் கைக்கோல் தீர்மானிக்கிறது.

இப்படி வாசிப்பதில் ஓர் அபாயமும் உண்டு. ஷொஸ்தகோவிச் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1979இல், அவர் சொல்லக் கேட்டு எழுதியதாக சொலமோன் வோல்கொவ் வெளியிட்ட நினைவுக்குறிப்பு, ஒவ்வொரு சிம்பொனியையும் அரச எதிர்ப்பின் சங்கேதமாக விளக்கியது. அடுத்த ஆண்டே இசையாய்வாளர் லோரல் ஃபே, அந்த நூலின் சில பகுதிகள் பழைய சோவியத் இதழ்களில் ஏற்கெனவே வந்தவற்றின் மறுபதிப்பு என்று காட்டினார். சண்டை இன்றும் ஓயவில்லை. எல்லாச் சுரங்களிலும் ஸ்டாலினைத் தேடுகிறவரும், எல்லாச் சுரங்களிலும் உருவவாதத்தைத் தேடிய அதிகாரியும் ஒரே வழியில்தான் கேட்கிறார்கள் என்பது எனக்குச் சில சமயம் வேடிக்கையாகப் படும்.

புகழ் பெற்றவர்களைப் பற்றியே பேசுவதால் மறைந்துபோகும் இன்னொரு வரிசை இருக்கிறது. கவ்ரீல் பொபோவின் முதல் சிம்பொனி 1935 மார்ச் 22இல் லெனின்கிராடில் அரங்கேறி, மறுநாளே தடை செய்யப்பட்டது. அவர் 1972 வரை வாழ்ந்தார். தம் சிம்பொனியை இன்னொரு முறை கேட்கவில்லை. ‘இரும்பு ஆலை’ என்ற இயந்திர இசையால் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்ட அலெக்சாந்தர் மொசொலோவ் 1937 நவம்பரில் கைதாகி எட்டாண்டுத் தண்டனை பெற்றார். அவருடைய ஆசிரியர்கள் கிளியெரும் மியாஸ்கோவ்ஸ்கியும் நாட்டின் பெயரளவுத் தலைவரான கலீனினுக்கு எழுதியதால் மறு ஆண்டே விடுதலை கிடைத்தது, ஐந்தாண்டுகளுக்குப் பெருநகரங்களில் வசிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதன்பின் அவர் எழுதியவை பெரும்பாலும் நாட்டுப்புற மெட்டுகளைத் தழுவிய சாதுவான இசை. கேட்டால் அதே ஆள் எழுதியது என்று நம்ப முடியாது.

இவர்களுக்கெல்லாம் அப்பால் விசெவலத் ஸதெராத்ஸ்கி. புரட்சிக்கு முன் ஜார் மன்னனின் மகனுக்கு இசை கற்பித்தவர் என்பது அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது. 1926இல் கைதானபோது அதுவரை எழுதிய கைப்பிரதிகள் அழிக்கப்பட்டன. 1937இல் மறுபடி கைதாகி, கிழக்குக் கோடியில் உள்ள கொலிமா முகாமுக்குப் போனார். அங்கே பியானோ கிடையாது, இசைத்தாள் கிடையாது. தந்திப் படிவங்களிலும் துண்டுக் காகிதங்களிலும் தாமே கோடு போட்டு, பென்சிலால், இருபத்துநான்கு சுருதிகளுக்கும் ஒவ்வொன்றாக இருபத்துநான்கு முகவுரைகளும் ஃபியூகுகளும் எழுதினார். ஃபியூக் என்பது ஒரு மெட்டை மூன்று நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் கடினமான வடிவம். வாத்தியத்தில் தொட்டுப் பார்க்காமல் மனத்திலேயே நெய்ய வேண்டும் என்றால் எத்தகைய பயிற்சி வேண்டும் என்று இசை படித்தவர்களுக்குத் தெரியும். ஷொஸ்தகோவிச் இதே திட்டத்தில் தம் புகழ்பெற்ற வரிசையை எழுதியது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து. ஸதெராத்ஸ்கி 1939இல் விடுதலையானார், 1953இல் லிவீவ் நகரில் இறந்தார். அந்த வரிசை முழுமையாக மேடையேறியது 2014இல்.

எழுத்தாளர்களில் பாபெலும் நாடகத்தில் மெயர்ஹோல்தும் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டுகளில், முதல் வரிசை இசையமைப்பாளர்கள் உயிரோடு விடப்பட்டார்கள். காரணம் கருணையல்ல. திரைப்படத்துக்கு இசை வேண்டும், ஆண்டு விழாக்களுக்கு வேண்டும், வெளிநாட்டில் காட்டிக்கொள்ள வேண்டும். போர் அதை உறுதிப்படுத்தியது. முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் 1942 ஆகஸ்ட் 9 அன்று ஏழாம் சிம்பொனி வாசிக்கப்பட்டபோது ஷொஸ்தகோவிச் தேசத்தின் சின்னமானார். வெற்றிக்குப் பின் பெத்தோவனுடையது போலக் கூட்டுக்குரல்களோடு பெரிய ஒன்பதாம் சிம்பொனி வரும் என்று எல்லாரும் காத்திருக்க, 1945 நவம்பரில் அவர் கொடுத்தது இருபத்தைந்து நிமிடக் குறும்பு. முடிவு சர்க்கஸ் ஓட்டம் போல ஓடி முடிகிறது. அந்தக் கணக்கும் எங்கோ குறித்துவைக்கப்பட்டது.

1948 ஜனவரி 5ஆம் நாள் ஸ்டாலின் வானோ முராதெலியின் ‘மாபெரும் நட்பு’ என்ற ஓபராவைப் பார்த்தார். முராதெலி எந்தப் புதுமைக்கும் பெயர் போனவரல்ல; புரட்சியின் முப்பதாம் ஆண்டுக்காக, காகஸஸ் மலைப்பகுதியைக் களமாக வைத்து, தலைமைக்குப் பிடிக்கும் என்று நம்பியே எழுதினார். ஆனால் ஜார்ஜியரும் ஒசேத்தியரும் ரஷ்யரோடு பகைமை பாராட்டியதாகக் காட்டியது தவறு, பகைத்தவர்கள் செச்சென்களும் இங்குஷ்களும்தான் என்று முடிவாயிற்று. அந்த இரண்டு இனத்தாரும் 1944இல் ஒட்டுமொத்தமாக நாடுகடத்தப்பட்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்தால் இது இசை விமர்சனமா என்பது விளங்கும். போதாக்குறைக்கு, பழக்கமான லெஸ்கின்கா நடன மெட்டை விட்டுவிட்டு முராதெலி தாமே ஒன்றைப் புனைந்திருந்தார். மத்தியக் குழு அலுவலகத்தில், கலைகளைக் கண்காணித்த கட்சித் தலைவர் ஷ்தானவ் கூட்டிய கூட்டத்தில் முராதெலி எழுந்து, தம்மைக் கெடுத்தவர்கள் உருவவாதிகளும் கன்சர்வேட்டரி என்னும் இசைக்கல்லூரியும் என்று கை காட்டினார். நவீன இசை பல் மருத்துவரின் துளைகருவி போலவும், விஷவாயு வண்டி போலவும் இருக்கிறது என்றார் ஷ்தானவ். போர் முடிந்து மூன்றாண்டுகூட ஆகாத நாட்டில், நாஜிகள் அந்த வண்டியை ஆட்களைக் கொல்லப் பயன்படுத்தினார்கள் என்பதை அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அறிவார்கள்.

பிப்ரவரி 10ஆம் நாள் தீர்மானம் வந்தது. தலைப்பில் முராதெலியின் ஓபரா. உள்ளே ஷொஸ்தகோவிச், புரோகோஃபியெவ், ஹச்சதூரியன், ஷெபாலின், பொபோவ், மியாஸ்கோவ்ஸ்கி என்று ஆறு பெயர்கள். வரைவில் இசையமைப்பாளர் கபலெவ்ஸ்கியின் பெயர் இருந்ததாகவும், அது எப்படியோ பொபோவாக மாறியதாகவும் அறிகிறோம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நொறுக்கப்பட்டவரை மறுபடி நொறுக்க யாருக்கும் சிரமம் இருக்காது. இருபத்தேழு சிம்பொனிகள் எழுதிய முதியவர் மியாஸ்கோவ்ஸ்கி மட்டும் மன்னிப்புக் கேட்கப் பொதுமேடை ஏறவில்லை. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். ஷெபாலின் மாஸ்கோ கன்சர்வேட்டரி இயக்குநர் பதவியை இழந்தார், ஷொஸ்தகோவிச் இரண்டு கன்சர்வேட்டரிகளிலும் ஆசிரியப் பணியை இழந்தார். சங்கத்தின் தலைமைக்கு வந்த முப்பத்துநான்கு வயது தீஹன் ஹ்ரென்னிகோவ், சோவியத் ஒன்றியம் கலையும் வரை, 1991 வரை, அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

நான்கு நாட்களில் தடைப்பட்டியல் வந்தது. ஷொஸ்தகோவிச்சின் ஆறு, எட்டு, ஒன்பதாம் சிம்பொனிகள் அதில் இருந்தன. பட்டியலில் இல்லாதவற்றையும் வாசிக்கக் குழுக்கள் பயந்தன. 1949 மார்ச்சில், நியூயார்க்கில் நடக்கவிருந்த சமாதான மாநாட்டுக்குச் சோவியத் தூதுக்குழுவில் அவரை அனுப்ப முடிவாகி, ஸ்டாலினே தொலைபேசியில் பேசினார். அங்கே என் இசையை வாசிக்கிறார்கள், இங்கே வாசிப்பதில்லையே, கேட்டால் என்ன சொல்வது என்று ஷொஸ்தகோவிச் கேட்க, யார் தடுத்தது, நாங்கள் அப்படி உத்தரவு கொடுக்கவில்லையே என்றார் ஸ்டாலின். அன்றே, மார்ச் 16ஆம் தேதியிட்டு, தடை ஆணை நீக்கப்பட்டது. விலையை அவர் நியூயார்க்கில் கொடுத்தார். புலம்பெயர்ந்த இசையமைப்பாளர் நிக்கலாய் நபோகொவ் சபையில் எழுந்து, ஸ்திராவின்ஸ்கியைப் பற்றிய பிராவ்தாவின் கண்டனத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா என்று கேட்டார். தாம் உள்ளூர வியந்த இசைமேதையைப் பற்றிய அந்தக் கேள்விக்கு, ஆம், முழுமையாக உடன்படுகிறேன் என்று ஷொஸ்தகோவிச் சொன்னார். கேட்டவருக்குப் பதில் முன்பே தெரியும். அந்தக் கேள்வியும் ஒரு கொடுமைதான் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புரோகோஃபியெவின் கதை வேறு மாதிரி. பதினெட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் புகழோடு வாழ்ந்துவிட்டு, 1936இல் தாமாகவே மாஸ்கோவில் குடியேறினார். திரும்பி வந்ததும் மார்க்ஸ், லெனின், ஸ்டாலின் எழுத்துகளை அப்படியே பாட்டாக்கி, ஏறத்தாழ ஐந்நூறு கலைஞர்கள் தேவைப்படும் ‘அக்டோபர் புரட்சியின் இருபதாம் ஆண்டுக் கந்தாத்தா’வை எழுதினார், அதைக்கூட அனுமதிக்கவில்லை. புனித வாசகங்களை இப்படிப் பாடலாமா என்பது ஐயம். 1948 பிப்ரவரி 10 தீர்மானத்துக்குப் பத்து நாள் கழித்து, அவரைப் பிரிந்து வாழ்ந்த முதல் மனைவி லீனா, ஸ்பெயினில் பிறந்த பாடகி, கைதாகி இருபது ஆண்டுத் தண்டனை பெற்றார். முகாமிலிருந்து வெளிவந்தது 1956இல். நோயிலும் பணமுடையிலும் இருந்த புரோகோஃபியெவின் கடைசிப் பெரும் படைப்பு, 1952இல் அரங்கேறிய ஏழாம் சிம்பொனி. எளிமையானது, மெல்லிய மணியோசையோடு தேய்ந்து முடிவது. நடத்துநர் சமுயில் சமொசூத், உற்சாகமாக ஒரு முடிவு சேர்த்தால் ஸ்டாலின் பரிசு கிடைக்கும், ஒரு லட்சம் ரூபிள் என்று யோசனை சொன்னார். அவர் சில பக்கங்கள் சேர்த்தார். இளம் செல்லோ கலைஞர் ரஸ்த்ரபோவிச்சிடம், நீ என்னைவிட அதிக காலம் வாழ்வாய், எனக்குப் பின் அந்த முடிவு இல்லாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவைத்தார். பரிசு வரவில்லை. 1953 மார்ச் 5 அன்று, ஸ்டாலின் இறந்த அதே நாளில், அவரும் இறந்தார். அவர் வீடு செஞ்சதுக்கத்துக்கு அருகில். தலைவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்ட கூட்டத்தால் உடலை வெளியே எடுப்பதே பெரும்பாடாயிற்று. நகரத்தின் பூக்களெல்லாம் அங்கே போய்விட்டன. பியானோ கலைஞர் ரிஹ்தரை டிபிலிசியிலிருந்து மலர்வளையங்கள் அடைத்த விமானத்தில் ஏற்றிவந்து ஸ்டாலினின் உடலருகே வாசிக்கவைத்தார்கள்.

இந்த ஆண்டுகளில் ஷொஸ்தகோவிச் இரண்டு கணக்குகள் வைத்திருந்தார். வெளிக்கணக்கில் திரைப்பட இசை, ஸ்டாலினின் காடு வளர்ப்புத் திட்டத்தைப் பாடும் ‘காடுகளின் பாட்டு’, அதற்கு 1950இல் ஸ்டாலின் பரிசு. ‘மேசைக்குள் எழுதுவது’ என்று ரஷ்யர்கள் சொல்லும் உட்கணக்கில் தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்குமான முதல் வயலின் கன்சர்ட்டோ, யூத நாட்டுப்புறக் கவிதைகளிலிருந்து ஒரு பாடல் வரிசை, நான்கு தந்தி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நான்காம் ஐந்தாம் குவார்ட்டெட்டுகள். வயலின் கன்சர்ட்டோவை 1948 தீர்மானம் வந்த நாட்களில் எழுதிக்கொண்டிருந்தார்; பின்னாளில் நண்பர் ஒருவருக்கு ஸ்கோரைப் பிரித்து, செய்தி கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாராம். வயலினின் வேகமான சுரங்கள் அந்த இடத்துக்கு முன்பும் பின்பும் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடுகின்றன. அந்தக் கன்சர்ட்டோவை வயலின் கலைஞர் ஒய்ஸ்த்ராஹ் வாசிக்க உலகம் கேட்டது 1955இல். மேசைக்குள் இன்னும் ஒன்று இருந்தது: ஷ்தானவின் சொற்களையே எடுத்துப் பாடவைத்து, ஸ்டாலின் பாத்திரத்துக்கு அவருக்குப் பிடித்த ‘சுலிகோ’ என்ற ஜார்ஜியப் பாடலின் மெட்டைக் கொடுத்த ‘உருவவாத எதிர்ப்பு ரயோக்’ என்ற நையாண்டி. அது வெளிவந்தது 1989இல்.

இசையமைப்பாளர் நண்பர் மொய்ஸெய் வைன்பெர்க் 1953 பிப்ரவரியில் கைதானபோது, இரகசியப் போலீஸுக்குப் பெயர்போன தலைவர் பெரியாவுக்கு ஷொஸ்தகோவிச் கடிதம் எழுதினார். மனைவியும் கைதானால் குழந்தையைத் தாம் வளர்க்கவும் ஏற்பாடு செய்தார். அதே ஆள் 1960இல் குருஷ்சேவ் காலத்தில், உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லாதபோது, கட்சியில் சேரச் சம்மதித்தார். 1973இல், அரசை எதிர்த்துப் பேசிய இயற்பியலாளர் சகாரொவைக் கண்டித்த கடிதத்தில் அவர் பெயரும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் நேர்செய்யும் விளக்கம் எதுவும் எனக்குத் திருப்தி தருவதில்லை. கட்சியில் சேரச் சம்மதித்த கோடையில், டிரெஸ்டனுக்கு அருகே மூன்று நாட்களில் எட்டாம் குவார்ட்டெட்டை எழுதினார். காணிக்கை, பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு. உள்ளே முதல் சுரத்திலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப வருவது நான்கு சுரங்கள்: சட்ஜத்தைச் சி என்று கொண்டால் சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சட்ஜம், கீழே காகலி நிஷாதம். ஜெர்மானிய வழக்கில் அவை டி, எஸ், சி, எச். ஜெர்மன் எழுத்துக்கூட்டில் அவர் பெயரின் தொடக்கம். நான் செத்தால் என் நினைவுக்கு யாரும் குவார்ட்டெட் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிட்டேன் என்று நண்பர் கிளிக்மனுக்குக் கடிதம் போட்டார். அது மெதுவாகத் தேய்ந்துதான் முடிகிறது. காணிக்கை வாசகம் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

சொல் வந்தபோது கேள்வியும் வந்தது. யெவ்துஷென்கோவின் கவிதைகளை வைத்து எழுதிய பதின்மூன்றாம் சிம்பொனியின் முதல் பகுதி, கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் நாஜிகள் கொன்று குவித்த யூதர்களைப் பற்றியது. ரஷ்யாவின் சொந்த யூத வெறுப்பையும் பெயர் சொல்லிச் சாடுவது. ம்ராவின்ஸ்கி ஒதுங்கிக்கொண்டார். கிரீல் கொந்திராஷின் ஏற்றார். 1962 டிசம்பர் 18, அரங்கேற்ற நாளன்று, பாட வேண்டியவர் கடைசி நேரத்தில் வராமல் போக, மாற்றாகத் தயாராக வைத்திருந்த விதாலி கிரோமத்ஸ்கி பாடினார். வழக்கமாக நிகழ்ச்சித் தாளில் அச்சிடும் பாடல் வரிகள் அன்று இல்லை. சில வாரங்களில் அதிகாரிகள் விரும்பியபடி, ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் அங்கே கிடக்கிறார்கள் என்ற பொருளில், யெவ்துஷென்கோ சில வரிகளை மாற்றிக் கொடுத்தார். ஷொஸ்தகோவிச் தம் ஸ்கோரில் ஒரு சுரத்தையும் தொடவில்லை. அதைத் தொடும்படி அவரிடம் கேட்கவும் அவர்களுக்கு வழி தெரியவில்லை.

அந்தக் கொந்திராஷின்தான், அதற்கு ஓராண்டு முன்பு, நான்காம் சிம்பொனியை வெளியே எடுத்தவர். கையெழுத்து ஸ்கோர் போர்க்காலத்தில் தொலைந்துவிட்டது. 1936 ஒத்திகைக்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே படியெடுத்த தாள்கள் லெனின்கிராடில் தப்பியிருந்தன. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முழு ஸ்கோரை மீட்டார்கள். 1961 டிசம்பர் 30ஆம் நாள், மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில், எழுதி இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அது முதன்முறையாக ஒலித்தது. ஆறு புல்லாங்குழல்களும் இருந்தன. முழக்கம் சரிந்தது, தாழ்ந்த தந்திகள் நெடுநேரம் துடித்தன, செலெஸ்டா தன் சில சுரங்களை உதிர்த்துவிட்டு நின்றது. ஐம்பத்தைந்து வயதான இசையமைப்பாளர் அரங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.